பதில் தட்டாத சுவர்

அப்பு, நீ அனுப்பிய வீடியோவை நேற்று மத்தியானம் மறுபடியும் போட்டுப் பார்த்தேன். கோயம்புத்தூருக்கு வெளியே நீயும் மருமகளும் வாடகைக்குப் பிடித்திருக்கிற வீடு நன்றாகத்தான் இருக்கிறது. தரை மின்னுகிறது. லிஃப்ட் இருக்கிறது, துணி காயப்போட பால்கனி இருக்கிறது, எனக்கென்று ஓர் அறையும் அதில் ஜன்னலோரம் ஒரு கட்டிலும் இருக்கிறது. வீட்டைக் காட்டிய தரகர் பின்னாலிருந்து, "இங்க சத்தமே இருக்காது சார், பக்கத்துல யாரு இருக்காங்கன்னே தெரியாது" என்று பெருமையாகச் சொல்வது கேட்கிறது. நீயும் "அதான் வேணும்" என்கிறாய். அந்த இடத்தை மட்டும் நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். ஒரு வீட்டைப் பற்றிச் சொல்லக்கூடிய பாராட்டா அது என்று எனக்கு விளங்கவில்லை.

மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வேன் கொண்டு வருகிறேன், சாமான்களைக் கட்டி வை, சாவியை ஓனரிடம் கொடுத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறாய். நானும் சரியென்றுதான் சொன்னேன். ஆனால் இந்த வாரம் நீ போன் பண்ணும்போதெல்லாம் நான் பிடிகொடுக்காமல் பேசுகிறேன் என்று உனக்குக் கோபம். உன் கோபம் உன் அப்பா கோபம் மாதிரி. குரல் உயராது, மூச்சு மட்டும் பெரிதாக வரும். போனிலேயே கேட்கிறது. மருமகள் பாவம், உனக்குத் தெரியாமல் கூப்பிட்டு, "அத்தை, தனியா இருந்து இருந்து உங்க மனசு என்னமோ ஆயிருச்சுன்னு அவரு கவலைப்படுறாரு, டாக்டர்கிட்ட காட்டலாமான்னு கேக்குறாரு" என்றாள். மறைக்கத் தெரியாத பெண். அவளைத் திட்டாதே. அவள் சொன்னதால்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நடுவிலேயே "அம்மா, ஒரு நிமிசம்மா" என்று என் வாயை அடைத்துவிடுவாய். காகிதத்திடம் உன் ஜம்பம் சாயாது. முழுக்கப் படி, அவளையும் படிக்கச் சொல். அவள் தோட்டத்து லயத்தைப் பார்த்ததில்லை என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்தில் எட்டு வீடு. வீடு என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. ஒரே நீளக் கட்டடத்தைச் சுவர் வைத்துத் தடுத்து ஆளுக்கொரு அறை, முன்னால் ஓர் அடுப்படி. ஒருத்தி மிளகாய் வறுத்தால் எட்டு வீடும் இருமும். இருட்டோடு எழுந்து கஞ்சி வைத்து, பிள்ளைகளைக் கிளப்பிவிட்டு, சூப்பர்வைசர் பேர் வாசிக்கும் முன்னால் போய் நிற்க வேண்டும். பிந்தினால் அன்றைக்கு வேலை கிடையாது. மழைக்காலத்தில் மலையை மூடி மஞ்சு இறங்கிவிட்டால் விடிந்ததா இல்லையா என்றே தெரியாது. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. முதலில் கண்விழிக்கிறவர் பக்கத்துச் சுவரில் இரண்டு தட்டு தட்டுவார். அந்த வீட்டுக்காரர் பதிலுக்கு இரண்டு தட்டிவிட்டு, தன் அடுத்த சுவரில் தட்டுவார். இப்படியே கடைசி வீடு வரை போகும். கடைசி வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து ஒரு செருமல் செருமினால் லயம் முழுக்க எழுந்தாயிற்று என்று அர்த்தம். சண்டை போட்டவர்கள்கூட இதை நிறுத்த மாட்டார்கள். பக்கத்து வீட்டுப் பேச்சியக்காவும் நானும் ஒரு சேவலுக்காக ஒரு மழைக்காலம் முழுக்க முகம் பார்த்துப் பேசவில்லை. காலையில் தட்டுவது மட்டும் நிற்கவில்லை. அவள் கொஞ்சம் ஓங்கித் தட்டுவாள், நானும் ஓங்கித் தட்டுவேன், அவ்வளவுதான்.

பதில் வரவில்லையென்றால் தட்டியவர் எழுந்து போய் அந்த வீட்டுக் கதவின் முன்னால் நின்று "இருக்கியா?" என்று கேட்க வேண்டும். உள்ளே இருப்பவர் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். அதற்கும் பதில் இல்லையென்றால் எப்படியாவது கதவைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். இதை யாரும் சட்டம் போட்டுச் சொல்லித் தரவில்லை. வந்தவர்கள் எல்லாரும் செய்தார்கள், நாங்களும் செய்தோம்.

நீ அப்போது தவழ ஆரம்பித்திருந்தாய். உன் அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. பறித்த பச்சைக் காயை விறகு எரித்துக் காயவைக்கிற கட்டடத்தைத்தான் ஸ்டோர் என்போம். ஒரு குளிர்நாளில் உனக்குச் சளி கட்டி நெஞ்சு கர்கர் என்றது. அப்பா ஸ்டோர் அடுப்பிலிருந்து ஒரு இரும்புச் சட்டி நிறையக் கங்கு அள்ளி வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். குளிருக்கு எல்லாரும் செய்கிறதுதான். ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்தோம். அப்புறம் எனக்குத் தெரிந்ததெல்லாம் முகத்தில் மழை பெய்ததுதான். நாங்கள் மூன்று பேரும் வாசலில் கிடந்தோம். பேச்சியக்கா தட்டியிருக்கிறாள், பதில் இல்லை. வாசலில் வந்து கேட்டிருக்கிறாள், பதில் இல்லை. அம்மிக்குழவியைத் தூக்கிக்கொண்டு வந்து தாழ்ப்பாள் தெறிக்க அடித்திருக்கிறாள். "கங்கு மூச்சு ஏறிப்போச்சுடி. நான் ஒருத்தி சோலியப் பாத்து வெரசாப் போயிருந்தேன்னா, மூணு பேரையும் பாயில சுருட்டியிருப்பாக" என்று உன்னை மடியில் போட்டு முதுகைத் தட்டித் தட்டி அழ வைத்தாள். நீ அழுத பிறகுதான் அவள் அழுதாள். இதை உன்னிடம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன். மருமகள் இப்போதுதான் கேட்கிறாள்.

அப்பா போன பிறகு, மலையில் ஒத்தையில் இருக்க வேண்டாம் என்று நீதான் என்னைக் கீழே இறக்கினாய். போடிக்கு வெளியே ராசிங்காபுரம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, நிலக்கடலை விளைந்த இடத்தில் பிளாட் போட்டு, நகர் என்று பேர் வைத்து, ஆள் இல்லாத தெருவுக்கெல்லாம் லைட் போட்டிருந்தார்கள். நடுவில் இந்த மூன்று மாடிக் கட்டடம். மாடிக்கு இரண்டு வீடு, எனக்கு நடு மாடி. நம் வீட்டு ஓனர் என்னைப் பார்த்ததும் தயங்கினார். "வயசானவங்க தனியா இருப்பாங்களா? நாளைக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா யாருக்குத் தெரியும்?" என்று என் எதிரிலேயே உன்னிடம் கேட்டார். நீ "தினமும் போன் பண்ணுவேன் சார்" என்றாய். அவர் கேட்டது மரியாதையில்லாத கேள்விதான். ஆனாலும் நியாயமான கேள்வி. நீ கொஞ்ச நாள் தினமும்தான் பண்ணினாய். உனக்கும் வேலை இருக்கிறது, நான் குறை சொல்லவில்லை.

கட்டடத்தில் மனிதர்கள் என்று பார்த்தால் மேல்மாடியில் ஒரு பேங்க்காரர் குடும்பம். காலையில் காரில் போனால் இருட்டித்தான் திரும்புவார்கள். மற்ற வீடுகள் ஏலக்காய் வியாபாரிகளும் வெளிநாட்டில் இருப்பவர்களும் வாங்கிப் பூட்டிப் போட்டவை. பகலில் மட்டும் ஒரு வாட்ச்மேன் அண்ணன் வருவார், பொட்டிபுரத்துக்காரர், வாய் ஓயாத மனிதர். இதெல்லாம் எனக்கு முதல் நாள் தெரியாது. பால் காய்ச்சினோமே, நினைவிருக்கிறதா? முதல் டம்ளரைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பது நம் வழக்கம் என்று நான் கொண்டு போனேன். என் படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கத்து வீடு. பூட்டியிருந்தது. வெளியே போயிருப்பார்கள், வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று தட்டு போட்டு மூடி வாசலில் வைத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் பார்த்தபோது டம்ளர் காலியாகக் கவிழ்த்து வைத்திருந்தது. பூனை குடித்திருக்கும் என்றாய். பூனை டம்ளரைக் கவிழ்த்து வைக்குமா என்று கேட்டேன். நீ சிரித்தாய். நானும் சிரித்தேன்.

ஆடிக் காற்று மலையிலிருந்து இறங்கிக் கட்டடத்தையே உலுக்குகிற நாட்களில்தான் அது முதலில் வந்தது. விடிவதற்குக் கொஞ்சம் முன்னால், எனக்கு எப்போதும் விழிப்பு வருகிற நேரத்தில், தலைமாட்டுச் சுவரில் இரண்டு தட்டு. காற்றுக்கு ஜன்னல் அடிப்பது வேறு, கை தட்டுவது வேறு. எனக்கு யோசிக்க நேரமே இல்லை. மனசு தெரிந்துகொள்ளும் முன்னால் என் கை நீண்டு பதிலுக்கு இரண்டு தட்டிவிட்டது. தட்டிய பிறகுதான் நான் லயத்தில் இல்லை என்பது ஞாபகம் வந்தது. பயம் வரவில்லை அப்பு. சந்தோசம் வந்தது. நம் பக்கத்து ஆள் யாரோ குடி வந்திருக்கிறார்கள், மலையில் இருந்தவர்கள்தான், இல்லையென்றால் இது தெரிந்திருக்காது என்று நினைத்தேன். குளித்துத் தலைசீவி, நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போய்ப் பார்த்தால், பூட்டு தொங்குகிறது. பூட்டுக்கும் நிலைக்கும் நடுவில் சிலந்தி வலை.

வாட்ச்மேன் அண்ணனிடம் கேட்டேன். "அந்த வீட்டுலயா? அது வெலைக்கு வாங்குன நாள்லருந்து ஆள் ஏறாத வீடுல்ல ஆத்தா. ஓனரு குமுளில இருக்காரு. வந்து எட்டிக்கூடப் பாக்குறதில்ல" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எங்க ஊரு மலையக் கொடைஞ்சு, கண்ணுக்கே தெரியாத என்னத்தையோ புடிக்கப் போறோம்னு கவுருமெண்டு ஆளுக வந்தாக. அதுக்கே நாங்க பயப்படல. நீங்க எதுக்கு இதுக்குப் போயி" என்று பெரிய வீரன் மாதிரி பேசினார். நான் வீட்டுக்கு வந்து கட்டிலை எதிர்ச் சுவருக்கு இழுத்துப் போட்டேன். மறுநாள் விடியும் முன்னால் தட்டு அதே பழைய சுவரில் வந்தது. பதில் சொல்லாமல் படுத்திருக்க முடியவில்லை. எழுந்து போய்த் தட்டிவிட்டு வந்தேன். அடுத்த நாள் கட்டிலைப் பழைய இடத்துக்கே தள்ளிவிட்டேன். எதற்கு எழுந்து எழுந்து போவது?

உன்னிடம் சொன்னபோது தண்ணீர்ப் பைப்பில் காற்று அடைத்திருக்கும் என்றாய். பிளம்பரைக்கூட அனுப்பினாய். அந்தச் சுவரில் பைப்பே போகவில்லை என்று அவர் சொன்னதை நீ காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு எலி என்றாய். பிறகு காற்று என்றாய். காற்றே இல்லாத ஐப்பசியிலும் தட்டு வந்தது. நான் பேய் என்று ஒருநாளும் சொன்னதில்லை, அதை ஞாபகம் வைத்துக்கொள். எனக்குத் தெரியாததற்கு நான் பேர் வைக்க மாட்டேன். யாரோ எழுப்புகிறார்கள், நான் எழுந்துவிட்டேன் என்று சொல்கிறேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இனி எழுதப்போவது உனக்கு முழுசாகத் தெரியாது. அந்த ஐப்பசி மழையில் பக்கத்து வீட்டு வெளிச்சுவரில், கூரையை ஒட்டி ஓதம் இறங்குகிறது என்று குமுளி ஓனர் ஓர் ஆளிடம் சாவி கொடுத்தனுப்பி, வாட்ச்மேனைத் திறந்து பார்க்கச் சொன்னார். நானும் வருகிறேன் என்று கூடவே போனேன். என் வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருந்தேன். உள்ளே அடைத்த வீட்டு வாடை. தரையில் புழுதி படிந்து, நாங்கள் வைக்கிற அடி ஒவ்வொன்றும் அச்சாக விழுந்தது. எங்கள் காலடி தவிர வேறு எந்தக் காலடியும் இல்லை. ஜன்னலெல்லாம் உள்ளே கொக்கி போட்டிருந்தது. படுக்கையறையில் ஒரு துரும்பு கிடையாது. என் தலைமாட்டுச் சுவரின் மறுபக்கத்தில் நான் நின்றேன். வெறும் வெள்ளைச் சுவர். அண்ணன் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஒருவாட்டி தட்டிப் பாக்குறேண்ணே" என்றேன். "தட்டுங்க தட்டுங்க" என்று சிரித்தார். இரண்டு தட்டு தட்டினேன்.

பதில் வந்தது. பூட்டிக்கிடக்கிற என் வீட்டிலிருந்து, என் கட்டிலுக்கு மேலே இருக்கிற இடத்திலிருந்து, இரண்டு தட்டு. அவசரமே இல்லை. தூக்கத்திலிருந்து அப்போதுதான் எழுந்தவர் தட்டுகிற மாதிரி இருந்தது.

அண்ணனின் சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. "ஆத்தா, வீட்டுல ஆரும் ஒறம்பரை வந்திருக்காகளா?" என்று கிசுகிசுத்தார். "யாரும் இல்லண்ணே. சாவி இந்தா இருக்கு" என்றேன். அவர் கூரையையும் பார்க்கவில்லை, கதவையும் பூட்டவில்லை, செருப்பை அங்கேயே விட்டுவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். நான்தான் கதவைப் பூட்டி, சாவியையும் செருப்பையும் கீழே கொண்டு போய்க் கொடுத்தேன். அப்புறம் என் வீட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனேன். எப்படிப் போனாய் என்று கேட்பாய். வேறு எங்கே போக? மடித்து வைத்த போர்வை மடித்தபடி இருந்தது. அரிசி களைந்து வைத்த பாத்திரம் அப்படியே இருந்தது. அறை அறையாகப் பார்த்தேன், கதவுக்குப் பின்னால் பார்த்தேன். ஒருவரும் இல்லை. அன்றைக்கு லைட்டை அணைக்காமல்தான் படுத்தேன். இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன்.

அன்றிலிருந்து வாட்ச்மேன் அண்ணன் மாடிப்படி ஏறுவதில்லை. பால் பாக்கெட்டைக் கீழேயே வைத்துவிட்டுக் குரல் கொடுப்பார். நீ போன் பண்ணிக் கேட்டபோது, "எனக்கு ஒண்ணும் கேக்கலியே சார், அம்மாதான் தட்டுச்சு, அம்மாதான் கேட்டுச்சு" என்று சொன்னாராம். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. கட்டடத்துக்குக் கெட்ட பேர் வந்தால் முதலில் போகிறது அவர் வேலைதான். ஆனால் அவர் வார்த்தையை நம்பினாய், என் வார்த்தையை நம்பவில்லை. அது வலித்தது அப்பு. இன்னும் வலிக்கிறது.

தை மாசம் உன் கல்யாணம் முடிந்து நீ இங்கே தங்கிய அன்று, எனக்கு முன்னால் உட்கார்ந்து, "இனிமே நீ பதிலுக்குத் தட்டக்கூடாது, என் மேல சத்தியம் பண்ணு" என்றாய். நான் பதில் கொடுப்பதால்தான் என் மனசே அந்தச் சத்தத்தை உண்டாக்குகிறது, பதில் கொடுக்காவிட்டால் தானாக நின்றுவிடும் என்று எங்கேயோ படித்ததாகச் சொன்னாய். கல்யாணக் களை மாறாத முகத்தோடு கேட்கிற பிள்ளையிடம் நான் என்ன சொல்ல? சத்தியம் பண்ணினேன். நீங்கள் கிளம்பிப் போன மறுநாள் தட்டு வந்தது. கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். மறுபடியும் இரண்டு தட்டு. நான் அசையவில்லை. அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அடுத்து என்ன நடக்கும் என்பதை நான் மறந்து போயிருந்தேன். இத்தனை வருசம் லயத்தில் இருந்தவளுக்கு அது எப்படி மறந்தது என்று தெரியவில்லை.

வாசல் கதவு தட்டப்பட்டது.

பெல் இருக்கிற வீடு இது. பால்காரன் முதல் கேஸ்காரன் வரை பெல்தான் அடிப்பார்கள். இது கையால் தட்டிய தட்டு, இரண்டு. கதவுக்குக் கீழே இருக்கிற இடுக்கில் மாடிப்படி லைட் வெளிச்சம் தெரியும். அந்த வெளிச்சத்தின் நடுவில் இருட்டாக இருந்தது, யாரோ நிற்கிறார்கள் என்பது போல. குரல் எதுவும் வரவில்லை. ஆனால் நிற்பது யாராக இருந்தாலும் என்ன கேட்க நிற்கிறது என்பது எனக்குத் தெரியும். பதில் சொல்லாவிட்டால் அடுத்தது என்ன செய்யும் என்பதும் தெரியும். சுவரில் தட்டக்கூடாது என்றுதானே சத்தியம்? வாயைத் திறக்கக்கூடாது என்று இல்லையே. "இருக்கேன்" என்றேன். கதவடியில் வெளிச்சம் முழுசாக வந்தது. படியிறங்குகிற சத்தமும் இல்லை, பக்கத்துக் கதவு திறக்கிற சத்தமும் இல்லை. கதவைத் திறந்து பார்த்தேன். யாரும் இல்லை. பக்கத்து வீட்டுப் பூட்டில் சிலந்தி வலை மறுபடியும் கட்டியிருந்தது, அது அறுபடவும் இல்லை.

வாசல்படியில் உட்கார்ந்து அழுதேன். பயத்தில் என்று நினைக்காதே. உன் அப்பா போன பிறகு, நான் உயிரோடு இருக்கிறேனா என்று ஓர் ஆள் என் வாசலுக்கு வந்து பார்த்தது அன்றைக்குத்தான். அது என்னவோ, எதுவோ, வந்து பார்த்தது. ஓனர் கேட்டாரே, ஒன்று ஆகிவிட்டால் யாருக்குத் தெரியும் என்று. தெரிவதற்கு ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டேன். மறுநாளிலிருந்து உன் சத்தியத்தை மீறிப் பதிலுக்குத் தட்டினேன். உனக்கு ஒன்றும் ஆகவில்லை, கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாய்.

இத்தனைக்கும் பிறகு உன்னோடு வரச் சம்மதித்தேன் என்றால் அது பயத்தினால் அல்ல. ஆசையினால். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்த் திரும்புகிற வீட்டில் விளக்குப் போட்டு வைத்து, ஒரு காபி கலந்து கொடுத்து, டிவி சீரியலுக்குச் சண்டை போட்டுக்கொண்டு இருக்க எனக்கு ஆசை. அந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டதற்கு நீ "தெரியாதும்மா, நமக்கெதுக்கு" என்றாயே, அது ஒன்றுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பால் காய்ச்சுகிற அன்று மருமகள் கையால் இரண்டு பக்கமும் ஒரு டம்ளர் கொடுக்கச் சொல். பேரைக் கேட்டுக்கொள்ளுங்கள். வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினால் சாத்தட்டும். பேர் தெரிந்த பிறகு சாத்திய கதவு வேறு, தெரியாத கதவு வேறு.

வருகிறேன் என்று உன்னிடம் சொன்ன அன்று, பதில் தட்டிவிட்டு வாய்விட்டும் சொன்னேன். "மாசக் கடைசில மகன்கிட்ட போறேன். சொல்லாமப் போகக் கூடாதுல்ல, அதான் சொல்றேன்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் இரண்டு தட்டு வந்தது. சரி, தெரிந்துகொண்டது என்று நினைத்தேன். மறுநாள் விடியும் முன்னால் விழித்துப் படுத்திருந்தேன். தட்டு வரவில்லை. நானே முதலில் தட்டினேன். பதில் இல்லை. அதற்கடுத்த நாளும் தட்டினேன். ஒன்றுமில்லை. இது வந்த நாளிலிருந்து ஒரு நாள்கூட விட்டதில்லை. காய்ச்சல் வந்த நாளில் எனக்கே இரண்டாவது தட்டுக்குக் கை எழவில்லை, அது அரைகுறைப் பதிலுக்கும் பொறுத்துக்கொண்டது. இப்போது நான் எவ்வளவு ஓங்கித் தட்டினாலும் அந்தப் பக்கம் வெறும் சுவர்.

போய் அந்தக் கதவின் முன்னால் நின்று "இருக்கியா?" என்று கேட்டேன். படியேறி வருகிற யாராவது பார்த்திருந்தால் நீ சொல்கிற டாக்டரிடம் அவர்களே கூட்டிப்போயிருப்பார்கள். காதைக் கதவில் வைத்துக் கேட்டேன். மறுபடியும் கேட்டேன். குமுளி ஓனரின் நம்பருக்கு வாட்ச்மேன் அண்ணனை விட்டுப் போன் போடச் சொன்னேன், எடுக்கவில்லை. ஐப்பசியில் கொடுத்தனுப்பிய சாவி அப்போதே அவரிடம் திரும்பிப் போய்விட்டது. மேலே வாங்கண்ணே, பூட்டை உடைப்போம் என்றால், "என்னைய விட்ருங்க ஆத்தா, நான் புள்ளகுட்டிக்காரன்" என்று கையெடுத்துக் கும்பிடுகிறார்.

இதனால்தான் சாமான் கட்டவில்லை. இதனால்தான் உன் போனுக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. காலி வீடு, அதற்குள் என்ன இருக்கப் போகிறது என்று நீ கேட்பாய். எனக்கும் தெரியாது. காலி வீட்டைத்தான் நானும் கண்ணால் பார்த்தேன். ஆனால் பதில் வராத சுவரை அப்படியே விட்டுவிட்டு வேனில் ஏறி உட்கார எனக்குத் தெரியவில்லை. உன் புது வீட்டில் அந்த நல்ல கட்டிலில் படுத்தாலும் விடியும் முன்னால் எனக்கு இந்தச் சுவர்தான் ஞாபகத்துக்கு வரும்.

ஞாயிற்றுக்கிழமை வா. மருமகளையும் கூட்டி வா. சாமானில் கை வைக்கும் முன்னால் நாம் மூன்று பேரும் போய் அந்தக் கதவைத் திறந்து பார்ப்போம். உடைத்ததற்குப் பதிலாகப் போட, பஜாரில் புதுப் பூட்டு ஒன்று வாங்கி வைத்துவிட்டேன். குமுளி ஓனரிடம் நானே பேசிக்கொள்கிறேன், பழி என் மேல் இருக்கட்டும். உள்ளே ஒன்றும் இல்லையென்றால் ஒரு வார்த்தை பேசாமல் உன்னோடு ஏறி வருகிறேன். டாக்டரிடம் வரச் சொன்னால் வருகிறேன், கொடுக்கிற மாத்திரையை விழுங்குகிறேன். திறக்க மாட்டேன் என்று நீ நின்றால், வேனைக் காலியாகவே திருப்பிக்கொண்டு போ. அந்தக் கதவில் தொங்குகிற பூட்டு கனமான பூட்டு, கல்லால் அடித்தால் அசையாது. வரும்போது ஒரு கடப்பாரை கொண்டா.